கசப்பும் அதன் கூட்டாளிகளும்

மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு வட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. அகார் தட்டில் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவி, நடுவில் ஒரு குழி குடைந்து, அதில் இலைச்சாற்றை விட்டு, இரவு முழுக்க 37 டிகிரி சூட்டில் வைத்தால், மறுநாள் காலையில் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறோம். துளசிக்கு இவ்வளவு, குப்பைமேனிக்கு இவ்வளவு, வேம்புக்கு இவ்வளவு என்று அட்டவணை போடுகிறோம். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்த எல்லோருக்கும் இந்த வட்டம் பழக்கம். கல்லூரி ஆய்வகத்தில் என்னிடம் வரும் மாணவர்களுக்கு நானும் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன். தன் கையால் அரைத்த இலைக்கு முதல் வட்டம் விழுந்ததைப் பார்க்கும் பிள்ளையின் சந்தோஷத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரங்களில் ஒன்று.

அந்த வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. அகாரில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறு அதில் தாராளமாகப் பரவும். எண்ணெய்ப்பசை உள்ளது குழியின் ஓரத்திலேயே நின்றுவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் அப்படி நின்றுவிடும் ரகம். அதன் வட்டம் சின்னதாக இருப்பது வீரியம் இல்லாததாலா, நகர முடியாததாலா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பாவர், கிர்பி முதலியோர் 1966-இல் இந்த வட்ட முறையை ஒழுங்குபடுத்தியது அளவு தெரிந்த ஆன்டிபயாடிக் வில்லைகளுக்காக. இந்த மருந்துக்கு இத்தனை மில்லிமீட்டர் வந்தால் நோயாளியிடம் பலிக்கும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே ஒத்துப்பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது. இலைச்சாற்றுக்கு யாரும் அப்படி ஒத்துப்பார்க்கவில்லை. சிப்ரோஃபிளாக்சசினுக்கு 25 மில்லிமீட்டர், என் சாற்றுக்கு 18, ஆகவே என் சாறு முக்கால் ஆன்டிபயாடிக் என்று போடும் கணக்குக்கு அடிப்படையே கிடையாது.

அதனால் வட்டம் விழுந்த கையோடு நாங்கள் நீர்த்தல் முறைக்குப் போய்விடுவோம். உள்ளங்கை அளவுத் தட்டில் 96 சின்னக் குழிகள் இருக்கும். சாற்றை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவு வரைக்கும் கிருமி தலைதூக்காமல் இருக்கிறது என்று பார்ப்போம். அந்தக் கடைசி அளவுக்குப் பெயர் எம்.ஐ.சி. நல்ல ஆன்டிபயாடிக் என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே, சில சமயம் அதற்கும் கீழேயே கிருமி அடங்கிவிடும். தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த சுத்தமான பொருளுக்கே நூறு, இருநூறு மைக்ரோகிராம் வேண்டியிருப்பது சகஜம். வாய்வழியாகச் சாப்பிட்டு ரத்தத்தில் அந்த அளவை எட்டுவது அநேகமாக நடக்காத காரியம். பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. சிப்ரோஃபிளாக்சசின் முழுக்க முழுக்க வேதியியலாளர்கள் செய்தது. உடல் முழுக்கப் பாய்ந்து கிருமியைக் கொல்லும் இந்த முதல்தர மருந்துகளின் வரிசையில் தாவரத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஒரு மரம் நகராமல் ஒரே இடத்தில் நின்று, வேரெல்லாம் மண்ணின் பாக்டீரியா மொய்க்க, நூறு வருஷம் வாழ்கிறது. அதற்கு நம்மைப் போல ரத்தமும் வெள்ளணுவும் கிடையாது. இருப்பதெல்லாம் அது தயாரிக்கும் வேதிப்பொருள்கள்தான். அவை இவ்வளவு பலவீனமானவை என்றால் மரம் எப்படிப் பிழைக்கிறது? என்னை இந்தத் துறையில் பிடித்துவைத்த கேள்வி இது. எனக்குக் கிடைத்த பதில்களில் மிக நல்லது மரமஞ்சளை ஒட்டி வந்தது.

மரமஞ்சள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் கெட்டியான கொடி. இலங்கையில் வெனிவெல் என்ற பெயரில் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள். இங்கே நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த தண்டுத் துண்டுகளாகக் கிடைக்கும். நான் வாங்கும் கடைக்காரப் பெரியவர் எந்தக் கருவியும் இல்லாமல் தரம் பார்ப்பார். "நகத்தால கீறிப் பாருங்கம்மா. உள்ள மஞ்சள் பளிச்சுனு இருக்கணும். மங்கியிருந்தா பழைய சரக்கு. நுனி நாக்குல வெச்சா கசப்பு சுருக்குனு ஏறணும்" என்பார். அவர் சொல்லும் மஞ்சளும் கசப்பும் ஒரே பொருளுடையவை. அதன் பெயர் பெர்பெரின். வடநாட்டு வைத்தியத்தில் இதே வேலைக்கு இமயமலைப் பக்கத்துப் பெர்பெரிஸ் புதரின் வேரை எடுப்பார்கள். அந்த இனத்தில் ஒன்று நம் நீலகிரியிலும் வளர்கிறது. கொடியும் புதரும் வேறு வேறு குடும்பம். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

பெரியவரின் நாக்கு சொன்னதை ஆய்வகத்தில் சரிபார்ப்பது கண்ணுக்கு விருந்து. தண்டைத் தூளாக்கிச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றில் ஒரு துளியை, சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் புள்ளியாக வைக்க வேண்டும். பக்கத்தில் கடையில் வாங்கிய சுத்தமான பெர்பெரின் ஒரு புள்ளி. பியூட்டனால், அசெட்டிக் அமிலம், தண்ணீர் கலந்த கரைப்பானில் தகட்டை நிறுத்தினால், கரைப்பான் மெல்ல மேலேறும்போது சாற்றில் உள்ளவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். தகட்டை உலர்த்தி, அறையை இருட்டாக்கி, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால் பெர்பெரின் எலுமிச்சை மஞ்சளாய் ஒளிவிடும். இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் இருந்தால் சரக்கு அசல். அதோடு முடிவதில்லை. சாற்றின் தடத்தில் பெர்பெரினுக்கு மேலும் கீழும் இன்னும் சில புள்ளிகள் தெரியும். பால்மடின், ஜட்ரோரைசின் என்று அதன் உறவினர்கள் அவை. ஒளிராமல் மறைந்து நிற்பவையும் உண்டு. சுத்தமான பெர்பெரினின் தடத்தில் ஒரு புள்ளிதான். கொடி தயாரித்ததில் ஒரு கூட்டமே இருக்கிறது. மாணவர்களை அந்தத் தகட்டின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வைப்பேன்.

பெர்பெரின் மூலக்கூறுக்கு நேர்மின்னேற்றம் உண்டு. உயிருள்ள பாக்டீரியாவின் உட்புறம் எதிர்மின் நிலையில் இருப்பதால் பெர்பெரின் தானாகவே உள்ளே இழுக்கப்பட்டுக் குவியும். குவிந்தால் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும், சவ்வையும் குலைக்கும். ஆனால் புண்ணிலும் கட்டியிலும் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் சவ்வில் நார்-ஏ என்ற புரதப் பம்பு இருக்கிறது. ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரைக் குவளையால் இறைத்துக் கொட்டிக்கொண்டே கரைசேரும் மீனவரைப் போல, உள்ளே வரும் பெர்பெரினை அந்தப் பம்பு வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். சிப்ரோஃபிளாக்சசினையும் அதே பம்புதான் தள்ளுகிறது. பெர்பெரினின் எம்.ஐ.சி. அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

2000-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் செடிகளின் சாற்றைத் துருவிப் பார்த்தார்கள். பெர்பெரினைத் தயாரிக்கும் அதே செடி 5′-மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளையும் தயாரிக்கிறது. அதைத் தனியாகக் கிருமியின் மேல் விட்டால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. வழக்கமான சோதனை செய்பவர் அதைப் பயனற்றது என்று குறித்துவிட்டு அடுத்த குப்பிக்குப் போயிருப்பார். உண்மையில் அது நார்-ஏ பம்பை முடக்கும் பொருள். அது கூட இருந்தால் உள்ளே போன பெர்பெரின் உள்ளேயே தங்குகிறது, கிருமி சாகிறது. ஆயுதத்தையும் அதைக் காக்கும் துணையையும் ஒரே செடி சேர்த்துச் செய்கிறது. நாம் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லி அந்தத் துணையைப் பிரித்து வடிகட்டித் தொட்டியில் ஊற்றிவிட்டு, மிஞ்சியது பலவீனமாக இருக்கிறது என்று முடிவு எழுதுகிறோம். 2002-இல் லூயிஸ் குழு இன்னும் சில பொருள்களைப் பம்பு முடக்கிகளோடு சேர்த்துச் சோதித்தது. அவற்றில் சரக்கொன்றைப் பழத்தில் உள்ள ரெய்ன் உண்டு, கொடிவேலி வேரில் உள்ள பிளம்பாஜின் உண்டு. ரெய்னின் வீரியம் நூறு மடங்குக்கும் மேல் ஏறியது. படர்தாமரைக்கு நம் ஊரில் அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலையிலும் இருப்பது இதே ரெய்ன்தான்.

பம்பை முடக்கும் அந்தப் பொருள் பெர்பெரிஸில் கிடைப்பதற்கு முன்பே வேறோர் இடத்தில் அறியப்பட்டிருந்தது. தொழுநோய்க்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த சால்முக்ரா எண்ணெயில் அது சிறிதளவு உண்டு. சால்முக்ரா எண்ணெய் தரும் மரக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து. சித்த மருத்துவர்கள் இன்றும் தோல் நோய்க்குக் கொடுக்கும் நீரடிமுத்து வல்லாதி மெழுகில் சேரும் அதே விதை. ஓடு கெட்டியாக இருக்கும். உடைத்தால் உள்ளே எண்ணெய் கசியும் பருப்பு. அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். 1915-இலும் 1916-இலும் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் அதை எத்தில் எஸ்டராக மாற்றி, உடம்பு ஏற்கும்படி ஊசியில் போட வழிசெய்தார். 1916-இல் 24 வயதில் இறந்துபோனார். அவருடைய முறையைக் கல்லூரித் தலைவர் அவர் பெயரைச் சொல்லாமல் வெளியிட்டார். ஹவாய் பல்கலைக்கழகம் அவரை முறைப்படி கௌரவித்தது 2000-இல்தான். நம் பக்கத்தில் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், இன்று மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடத்தில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இந்த எண்ணெய் ஊசியை எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். 1940-களில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அங்கே சல்ஃபோன் மருந்துகளைக் கொண்டுவந்த பிறகு எண்ணெய் ஓரங்கட்டப்பட்டது. அது நியாயம்தான். அந்த மருந்துகளில் ஒன்றான டாப்சோன் எண்ணெயைவிடப் பல மடங்கு நல்ல மருந்து. ஆனால் நல்ல மருந்து வந்ததும் பழைய மருந்து எப்படி வேலை செய்தது என்று கேட்பதையும் நிறுத்திவிட்டோம்.

துணைப் பொருளைப் பற்றிய கேள்வியை இந்தியாவில் மிளகை வைத்துக் கேட்டார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் ஏன் இத்தனை மருந்துகளில் கூடவே வருகிறது என்று ஜம்மு ஆய்வகத்தின் சி.கே. அடல் 1970-களின் இறுதியில் யோசித்தார். அதிலிருந்து தொடங்கிய வேலையில் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபெரின் பிடிபட்டது. குடலும் கல்லீரலும் மருந்தை உடைத்து வெளியேற்றும் வேகத்தை அது குறைக்கிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபெரினைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்கு கூடியது. 2009-இல் ஜம்மு ஆய்வகமும் காடிலா பார்மா நிறுவனமும் சேர்ந்து ரிசோரின் என்ற காசநோய் மருந்தைக் கொண்டுவந்தன. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கும் இடத்தில் 200 மில்லிகிராமும் 10 மில்லிகிராம் பைபெரினும். தாவரப் பொருளுக்கு நம் நாட்டில் கிடைத்த கௌரவமான இடங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். கிருமியைக் கொல்லும் வேலையை ஆன்டிபயாடிக்கிடமே விட்டுவிட்டு, அதைக் குறைந்த அளவில் முழு வேலை செய்ய வைத்தது மிளகு. ஸ்டஃபைலோகாக்கஸின் நார்-ஏ பம்பையும் பைபெரின் தடுக்கிறது என்பதையும் அதே ஜம்மு ஆய்வகம் காட்டியது.

இரண்டு பொருள்கள் உண்மையிலேயே கைகோத்து வேலை செய்கின்றனவா, சும்மா கூடவே இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்கச் செக்கர்போர்டு என்ற முறை உண்டு. அதே 96 குழித் தட்டில் ஒன்றை இடமிருந்து வலமாகவும், மற்றதை மேலிருந்து கீழாகவும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு குழியிலும் வேறொரு விகிதம் விழும். சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்ட அளவை அது தனியாக இருந்தபோது தேவைப்பட்டதால் வகுத்து, இரண்டையும் கூட்டினால் வரும் எண் 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கூட்டுவிளைவு என்று ஒப்புக்கொள்வோம். 0.5-ஐத் தாண்டினால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்தச் சொல்லை எழுதக்கூடாது.

கணக்கு எளிது, குழியைப் படிப்பதுதான் கஷ்டம். கிருமி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ரெசாசுரின் சாயத்தைச் சொட்டுவோம். அது நீலம். உயிருள்ள கிருமி அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். பெர்பெரின் தட்டில் இந்த நிறக்கணக்கு குழம்பும். "மேடம், இந்த வரிசை பூராவும் பச்சையா இருக்கே. இதை நீலம்னு போடறதா, என்னன்னு போடறது?" என்று ஒரு மாணவி தட்டோடு வந்து நின்றாள். பெர்பெரினின் மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை, இளஞ்சிவப்பு கலந்தால் ஆரஞ்சு. "பச்சைன்னா செத்துப்போச்சுனுதான் தோணும்மா. ஆனா கண்ணை நம்பி எழுதாதே. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் புது அகார்ல வெச்சு நாளைக்குப் பாரு" என்றேன். மறுநாள் புதுத் தட்டில் பச்சைக் குழிகளின் சொட்டு பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. ஓரத்துக் குழிகள் இரண்டிலிருந்து மட்டும் சின்னச் சின்னக் காலனிகள் முளைத்திருந்தன. வளர்ச்சி நின்றதற்கும் கிருமி செத்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு சொட்டுகளில் இருந்தது. அவள் அதைத் தானே கண்டு சொன்னாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிறமுள்ள எந்தத் தாவரப் பொருளிலும் இந்தச் சிக்கல் உண்டு. குர்குமினில் இன்னும் அதிகம். அது ஒளிரும், ஒட்டும், கரைசலில் தானே சிதையும், கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். ஆகவே குர்குமின் ஏறக்குறைய எல்லாச் சோதனையிலும் ஏதோ ஒரு பலனைக் காட்டிவிடும். 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். ஈரோட்டு மஞ்சள் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு அந்தக் கட்டுரை கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் குர்குமினில் வேலை செய்ய வரும் ஒவ்வொருவரையும் அதை முதலில் படிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தில் நம் துறை மேல் எனக்கு நீண்டகால வருத்தம் உண்டு. மக்கள் குடிப்பது மூலிகையைத் தண்ணீரில் காய்ச்சிய குடிநீர். சோதனைக்கூடத்தில் எடுப்பது பெரும்பாலும் மெத்தனால் சாறு. 5 கிராம் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு 50 மில்லிலிட்டராகக் குறுக்குவது ஒரு தயாரிப்பு. அதே சூரணத்தை மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து வடிப்பது இன்னொரு தயாரிப்பு. தண்ணீருக்கு வருவது வேறு, மெத்தனாலுக்கு வருவது வேறு. மெத்தனால் சாற்றில் கிடைத்த முடிவைக் கொண்டு குடிநீரைப் புகழ்வதும் சரியில்லை, இகழ்வதும் சரியில்லை. தயாரிப்பு முறையே மருந்தைத் தீர்மானிக்கும் என்பதற்குப் பூண்டு நல்ல சாட்சி. முழுப் பூண்டுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் ஒரு நொதியும் அல்லியின் என்ற பொருளும் ஒன்றையொன்று தொட்டு அல்லிசின் பிறக்கிறது. முழுப் பல்லை அப்படியே வேகவைத்தால் நொதி முதலில் கெட்டுவிடும், அல்லிசின் பிறக்கவே பிறக்காது. நசுக்கிச் சில நிமிஷம் வைத்திருந்து எடுத்த சாறும், வேகவைத்து எடுத்த சாறும் தட்டில் காட்டும் வித்தியாசத்தை முதலாண்டு மாணவர்களே செய்து பார்க்கலாம்.

வீக்கத்தைப் பற்றிப் பேசாமல் தொற்றைப் பற்றி மட்டும் பேச முடியாது. சிவப்பது, சூடாவது, வீங்குவது, வலிப்பது எல்லாம் கிருமியின் வேலையைவிட அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பின் வேலை. பாக்டீரியாவின் மேலோட்டுத் துணுக்கு பட்டதும் கிருமியை விழுங்கும் நம் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொண்டு, வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களை வரிசையாகத் தயாரிக்கச் சொல்லும். நிலவேம்பின் கசப்பான ஆண்ட்ரோகிராஃபோலைடு அந்தப் புரதத்தின் ஒரு பகுதியோடு நேரடியாகப் பிணைந்து அதன் வேலையைத் தடுக்கிறது என்று 2004-இல் காட்டியிருக்கிறார்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடைத் தனியாகக் கிருமித் தட்டில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு நிலவேம்பு தோற்ற மூலிகை. காய்ச்சலில் முறுக்கிக்கொண்டு கிடப்பவரின் உடம்பில் அது தொடும் இடம் வேறு.

இதைச் சோதிக்கும் முறையிலும் பள்ளங்கள் உண்டு. வளர்ப்புக் குடுவையில் உள்ள எலியின் மேக்ரோஃபேஜ் செல்களுக்குப் பாக்டீரியாவின் துணுக்கைக் கொடுத்தால் அவை நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். கிரீஸ் கரைசலை ஊற்றினால் அதற்கேற்ற அளவு இளஞ்சிவப்பு ஏறும். சாறு சேர்த்த குடுவையில் நிறம் குறைந்தால் வீக்கம் தணிந்தது என்று அர்த்தம். ஆனால் செல்லே செத்துப்போனாலும் நிறம் குறையும். ஆகவே எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று கூடவே பார்க்க வேண்டும். அதற்குப் போடும் எம்.டி.டி. சாயத்தைச் சில மூலிகைச் சாறுகள் செல்லின் உதவி இல்லாமல் தாமே ஊதாவாக்கிவிடும். ஆகவே செல் இல்லாத குழி ஒன்றும் வேண்டும். காய்ந்த இலையோடு வந்த பாக்டீரியாத் துணுக்குகள் சாற்றிலேயே இருந்துவிட்டால், வீக்கத்தைத் தணிக்க வந்த சாறு வீக்கத்தை உண்டாக்குவதாகக் காட்டும். அதற்கும் ஒரு தனிச் சோதனை வேண்டும். ஒரு கேள்விக்கு இத்தனை கட்டுப்பாட்டுச் சோதனைகள். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இந்த வேலை செய்யச் செய்யப் பொறுமை தானே வரும்.

கிருமி உயிரோடு இருக்கும்போது வீக்கத்தை மட்டும் அடக்குவது ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். வீக்கம் உடம்பின் பாதுகாப்பு. அதைக் கட்டிப்போட்டால் கிருமிக்கு வழி திறந்துவிடும். காலில் சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது, குளிர் நடுக்கம் வருகிறது, சர்க்கரை நோயாளியின் புண் கறுக்கிறது என்றால் அங்கே கஷாயத்துக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். இதை மூலிகையை நேசிக்கிறவளாகவே சொல்கிறேன். செடியிலிருந்து வந்ததால் கெடுதல் செய்யாது என்ற எண்ணமும் என்னிடம் இல்லை. ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். குர்குமினை இருபது மடங்கு உள்ளே இழுக்கும் அதே பைபெரினோடு சேர்த்து மாத்திரையாக விற்கும் மஞ்சள் சத்தைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் அதனோடு சம்பந்தமில்லை. ஆனால் துணைப் பொருளுக்கு உண்மையிலேயே பலம் உண்டு என்று நம்புகிறவர்கள் அந்தப் பலம் கெடுதலையும் கூட்டும் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு பக்கம்.

கொல்லாமலே உதவும் தாவரப் பொருளுக்கு மனிதர்களிடம் செய்த சோதனையில் நல்ல சான்று தந்திருப்பது வட அமெரிக்காவின் கிரான்பெரி. சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ. கோலை கிருமியை அது கொல்வதில்லை. சிறுநீர்ப்பாதையின் சுவரில் ஒட்டவிடாமல் செய்கிறது என்பது விளக்கம். அடிக்கடி அந்தத் தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்கிறது என்று 2023-இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு ஏற்றுக்கொண்டது. வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்துவதாக அது சொல்லவில்லை. தாவரப் பொருளிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு இவ்வளவு தெளிவான எல்லைக்கோடு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் மூலிகைகளுக்கும் இப்படி ஒரு கோடு போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மரமஞ்சள் காட்டில் மிஞ்சியிருக்கவும் வேண்டும். தண்டுதான் மருந்து என்பதால் கொடியையே வெட்டிவிடுகிறார்கள். அது பூத்துக் காய்க்கும் பருவத்துக்கு வரப் பல வருஷம் ஆகும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அதனால் இப்போது ஆய்வுக்கு முடிந்தவரை கடையில் விற்கும் சுத்தமான பெர்பெரினையே வாங்கிக்கொள்கிறோம். முழுத்தண்டு தேவைப்படும் சோதனைக்கு மட்டும் பெரியவரிடம் கைப்பிடியளவு வாங்குகிறேன்.

எங்கள் மேசையில் இப்போது நடப்பது நிலவேம்புக் குடிநீர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. ஒன்பதையும் தனித்தனியே சோதித்தவர்கள் உண்டு, மொத்தமாகச் சோதித்தவர்களும் உண்டு. எங்களுக்குத் தெரிய வேண்டியது யார் யாருக்குத் துணை என்பது. இருவர் இருவராகச் சேர்த்தால் 36 ஜோடி, எல்லாவிதச் சேர்க்கையும் என்றால் 511. ஒரு கல்லூரி ஆய்வகத்தால் அத்தனையும் முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு சரக்கை விட்டுவிட்டு மற்ற எட்டையும், மருந்து நூல் சொன்னபடி தண்ணீரில் காய்ச்சி, முழுக் குடிநீரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எதை எடுத்தபோது வேலை கெடுகிறதோ அது அங்கே சும்மா இருக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கிருமித் தட்டு ஒன்று, மேக்ரோஃபேஜ் செல் ஒன்று, கரைந்து வந்த ஆண்ட்ரோகிராஃபோலைடின் அளவு ஒன்று என்று ஒவ்வொரு தயாரிப்புக்கும் மூன்று அளவீடு. முதலில் விட்டுவிட்டுக் காய்ச்சியது மிளகை. அடுத்த வாரம் சுக்கு.